தீவகத்து மின்சாரம்: மிச்சமாகும் பணம் யாருக்கு?

அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய மூன்றும் தேசிய மின்வலையமைப்புக்கு வெளியே கிடப்பவை. கடல் கடந்து படகில் வரும் டீசலே அங்கு விளக்கேற்றி வந்துள்ளது. இந்நிலையை மாற்றும் நோக்கில் உருவான கலப்பு மின்திட்டம் எத்தகைய இழுபறிக்குள் அகப்பட்டது என்பதை நாம் மறந்துவிடவில்லை.

2021 ஜனவரியில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் அமையவிருந்த இத்திட்டத்தைச் சீனக் கூட்டு நிறுவனமொன்றுக்கு வழங்க அமைச்சரவை அனுமதித்தது. இராமேஸ்வரத்துக்கு அண்மையில் சீனா கால்பதிப்பதா என இந்தியா ஆட்சேபித்தது. அதே ஆண்டு டிசெம்பரில், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கரிசனையைச் சுட்டிக்காட்டித் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை எழுதப்பட்டது. 2024 மார்ச் 1ஆம் திகதி, 1 கோடியே 10 இலட்சம் டொலர் இந்திய நன்கொடையில் பெங்களூர் நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இத்தனை பேச்சுகளிலும் கேட்காத குரல் ஒன்றுண்டு. அது தீவக மக்களின் குரல்.

ஒப்பந்தப்படி சூரிய சக்தி 1,700 கிலோவாட், காற்று 530 கிலோவாட், மின்கலச் சேமிப்பு 2,400 அலகு. துணைக்கு 2,500 கிலோவாட் டீசல் மின்பிறப்பாக்கிகள். வெயிலையும் காற்றையும் கூட்டினாலும் டீசலின் கொள்ளளவே அதிகம்! மின்கலங்கள் பழுதுற்றால் தீவுகள் மீண்டும் டீசலிடமே தஞ்சமடையும். உப்புக்காற்று இரும்பையும் இணைப்புகளையும் அரிக்கும். மின்கலங்களுக்கோ ஆயுள் வரையறையுண்டு. நன்கொடை ஒருமுறைதான் வரும்.

இங்கேதான் நீதியின் கேள்வி எழுகிறது. மின்கட்டணம் நாடெங்கும் ஒன்றே. டீசலால் ஏற்படும் மேலதிகச் செலவை மின்சார சபையே சுமந்தது. ஆகவே டீசல் மிச்சமானால் இலாபம் சபையின் கணக்குக்கே போகும்; அனலைதீவில் ஒரு குடும்பத்தின் பட்டியல் ஒரு ரூபாயும் குறையாது. பிடித்த மீனுக்கு ஐஸ் இன்றி, வந்த விலைக்கு விற்கும் கடற்றொழிலாளிக்கு இத்திட்டம் என்ன தரும்?

மக்களிடம் நிர்வாகத்தை ஒப்படைத்தால் நடக்காது என்பார் உளர். 1990களிலிருந்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டக் கிராமங்களில் மின்நுகர்வோர் சங்கங்கள் ஓடைநீரில் மின்சாரம் பெற்று, தாமே கட்டணம் அறவிட்டு, தாமே பழுதுபார்த்து வந்தன. தேசிய மின்கம்பி வந்தபோது பல கைவிடப்பட்டன என்பதும் உண்மையே. ஆயினும் கம்பி எட்டாத தீவுகளுக்கு அந்த அனுபவம் மிகப் பொருந்தும். மாறாக, மக்களைப் புறந்தள்ளினால் என்ன நேரும் என்பதற்கு 2025 ஓகஸ்ட்டில் மன்னாரில் காற்றாலைகளுக்கு எதிராக எழுந்த போராட்டமே சான்று. அதன்பின்னரே பணிகளை ஒரு மாதம் நிறுத்திவைக்க ஜனாதிபதி பணித்தார்.

மிச்சமாகும் டீசல் பணத்தில் ஒரு பங்கு தீவகத்தின் பெயரில் தனி நிதியாக வைக்கப்படவேண்டும். மின்கலம் மாற்றவும், ஐஸ் உற்பத்திக்கும் அது பயன்படட்டும். தீவு இளைஞர்களுக்குப் பராமரிப்புப் பயிற்சி அளிக்கப்படவேண்டும். ஒரு கம்பி அறுந்ததற்காக யாழ்ப்பாணத்திலிருந்து ஆள் வரும்வரை, அதுவும் கடல் கொந்தளிக்கும் நாளில், ஊர் இருளில் காத்திருப்பதா? அந்த நிதியை யார் நிர்வகிப்பார், அதில் தீவக மக்களுக்கு எத்தனை இடம் என்பதை உரிய அதிகாரிகள் இப்போதே எழுத்தில் அறிவிக்கவேண்டும்.