உங்கள் கணினியும் ஒரு ஹோஸ்ட்தான்

பாலிடெக்னிக்கில் நெட்வொர்க் பாடம் நடத்துகிறேன். ஹோஸ்ட் என்றால் என்ன என்று கேட்டால், ஏதோ பெரிய நிறுவனத்தின் ஏசி அறையில் ஓடும் சர்வர் என்றுதான் பெரும்பாலான மாணவர்கள் சொல்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். இணையதளத்துக்கு ‘ஹோஸ்டிங்’ வாங்குவதை மட்டும்தான் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஆனால் ஐபி முகவரி பெற்று, தகவல் புறப்படும் இடமாகவோ போய்ச் சேரும் இடமாகவோ இருக்கிற எந்தக் கருவியும் ஹோஸ்ட்தான். அவர்கள் பையிலிருக்கும் செல்போனும் அப்படித்தான். நடுவில் வாங்கிக் கடத்துவது ரவுட்டரின் வேலை.

1969 அக்டோபர் 29 அன்று, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் முதல் செய்தி போனது. கலிபோர்னியாவில் அதை அனுப்பிய கணினி ஒரு ரகம், வாங்கிய கணினி வேறு ரகம். கடத்தும் வேலைக்குத் தனியாகச் சிறு கணினிகள் இருந்தன. எதைப் பேசுவது, எப்படிப் பேசுவது என்பதை ஹோஸ்ட்களே தீர்மானிக்க வேண்டியிருந்தது. அதற்காக ஸ்டீவ் குரோக்கர் என்ற ஆராய்ச்சி மாணவர் அந்த ஆண்டு ஏப்ரலில் எழுதிய முதல் ஆர்எஃப்சியின் (கருத்துக் கேட்டுச் சுற்றுக்கு விடும் குறிப்பு) தலைப்பே ‘ஹோஸ்ட் மென்பொருள்’. யார் வேண்டுமானாலும் யாரையும் அழைக்கலாம் என்பதுதான் இணையத்தின் பிறவிக் குணம்.

அதைத்தான் நாம் இழந்துகொண்டிருக்கிறோம். என் பழைய மாணவர் ஒருவர் கடையில் கேமரா பொருத்தி, வீட்டிலிருந்தே பார்க்க ரவுட்டரில் எல்லா அமைப்பும் சரியாகச் செய்தார். படம் கிடைக்கவில்லை. பார்த்தால், ரவுட்டருக்கு வந்திருந்த முகவரி 100.72 என்று தொடங்கியது. பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக 100.64 முதல் 100.127 வரை 2012இல் ஒதுக்கினார்கள். பழைய ஐபிவி4இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான் என்பதால் வந்த வினை. அந்தக் கடையிலிருந்து வெளியே அழைக்கலாம்; வெளியிலிருந்து உள்ளே அழைக்க முடியாது. கடைசியில், சொந்தக் கடையைப் பார்க்க வேறொரு நிறுவனத்தின் சர்வரை நம்ப வேண்டியதாயிற்று.

வெளியிலிருந்து அழைக்க முடியாதது பாதுகாப்புதானே என்பார்கள். பாதுகாப்புக்கு ஃபயர்வால் இருக்கிறது. அதைத் திறப்பதும் மூடுவதும் சந்தாதாரர் கையில் இருக்க வேண்டும். 128 பிட் நீளமுள்ள ஐபிவி6 முகவரிகள் வந்தபின் பற்றாக்குறை என்ற சாக்கும் செல்லாது. பொது முகவரி உண்டா, ஐபிவி6 வழியே உள்வரும் இணைப்புக்கு அனுமதி உண்டா என்பதை, வேகத்தையும் மாதக் கட்டணத்தையும் போலவே, இணைப்பு தரும் நிறுவனங்கள் விண்ணப்பப் படிவத்திலேயே அச்சிட வேண்டும்.