நகர்ந்து வந்த வாயில்

ஒரு நாட்டின் வாயில் எங்கே இருக்கின்றது? துறைமுகத்தில், அல்லது விமான நிலையத்தில் என்று விடை கூறுவது நமது வழக்கம். அவ்விடை இன்று முற்றாகப் பொருந்தாது. பிரித்தானியாவின் வாயில் இப்பொழுது பாரிஸிலும் ரொறன்ரோவிலும் வாழ்வோரின் கைத்தொலைபேசியினுள்ளே இருக்கின்றது. நான்கு நாள் தங்கி ஒரு திருமணத்தைக் கண்டு திரும்ப எண்ணும் கனடியப் பிரசையும், விமானம் ஏறுமுன் அவ்வாயிலைத் தட்டி அநுமதி பெற்றாக வேண்டும்.

இதற்கு இலத்திரனியற் பயண அநுமதி என்று பெயர். அவுஸ்திரேலியா 1996இலும், அமெரிக்கா 2009இலும், கனடா 2016இலும் நடைமுறைப்படுத்திய ஏற்பாட்டையே பிரித்தானியா பிந்தி மேற்கொண்டது. 2023 ஒக்ரோபரிற் கட்டார் நாட்டவருக்கென முதலில் திறக்கப்பட்ட இம்முறை, 2025 ஜனவரி 8ஆந் திகதி முதல் அமெரிக்கர், கனடியர், அவுஸ்திரேலியர் முதலியோருக்கும், ஏப்ரல் 2ஆந் திகதி முதல் அயர்லாந்தினர் ஒழிந்த ஐரோப்பியருக்கும் கட்டாயமாயிற்று. இவர்கள் யாவரும் குறுகிய காலப் பயணத்துக்கு விசா வேண்டாதவர்கள். 10 பவுணாக இருந்த கட்டணம் அதே ஏப்ரலில் 16 பவுணாயிற்று.

கடவுச்சீட்டின் படத்தையும் முகத்தின் படத்தையும் அனுப்பி, குற்றத்தீர்ப்பு ஏதும் உண்டா என்பன போன்ற சில வினாக்களுக்கு விடையளித்தால், பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே முடிவு வந்துவிடும். ஆயினும் மூன்று வேலைநாள் முன்னதாகவே விண்ணப்பிப்பது நன்று. கையில் தாள் எதுவும் தரப்படுவதில்லை. அநுமதி கடவுச்சீட்டோடு கணினியிற் பிணைக்கப்படுகின்றது. அதன் ஆயுள் இரண்டு ஆண்டு. அதற்குள் கடவுச்சீட்டுக் காலாவதியானால் அநுமதியும் உடன் முடிவுறும்.

இதில் நன்மை இல்லையென்று நான் சொல்லமாட்டேன். பல மணிநேரம் பறந்து சென்று, ஹீத்ரோவில் தடுக்கப்பட்டு, அடுத்த விமானத்திலே திருப்பி அனுப்பப்படுவதைக் காட்டிலும், வீட்டிலிருந்தபடியே ‘இல்லை’ என்ற சொல்லைக் கேட்பது மேலானதே. தன் எல்லைக்குள் வருபவர் யாரென அறிய எந்த நாட்டுக்கும் உரிமையுண்டு. ஆனால், வாயில் இவ்வளவு தூரம் நகர்ந்து வந்த வரலாற்றைத் தமிழராகிய நாம் சிறிது சிந்தித்துப் பார்த்தல் வேண்டும். அந்த வரலாற்றின் ஒரு முக்கிய கட்டத்தில் நின்றவர்கள் நாமே.

1962 வரை, இலங்கைப் பிரசை ஒருவர் பொதுநலவாய நாட்டவர் என்ற உரிமையோடு பிரித்தானியாவிற் சென்று இறங்கலாம். விரும்பினால் அங்கேயே குடியிருக்கலாம். அவ்வாண்டு நிறைவேறிய சட்டம் அவ்வுரிமையைக் கட்டுப்படுத்தியது. அதன் பின்னரும், பார்த்துத் திரும்பச் செல்வோருக்கு விசா வேண்டியிருக்கவில்லை. வந்திறங்கும் இடத்தில் உத்தியோகத்தர் ஒருவர் நேருக்கு நேர் வினாவி முடிவு செய்தார். 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் நம்மவர் புகலிடம் தேடிப் புறப்பட்டனர். 1985இல் இலங்கையருக்கு விசா கட்டாயமாக்கப்பட்டது. பொதுநலவாய நாடொன்றின் மக்கள்மீது பிரித்தானியா அவ்வாறு விதித்தது அதுவே முதன்முறை.

1987 பெப்ரவரியில் அறுபது பேரளவிலான தமிழர் ஹீத்ரோவில் இறங்கிப் புகலிடம் கோரினர். அவர்களைத் திருப்பியனுப்ப முற்பட்டபோது, சிலர் விமான நிலையத்திலேயே தம் உடைகளைக் களைந்து எதிர்ப்புக் காட்டினர். அடுத்த சில வாரங்களுக்குள் உள்நாட்டு அமைச்சர் டக்ளஸ் ஹேர்ட் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். தக்க பத்திரங்கள் இல்லாத பிரயாணியை ஏற்றிவரும் விமானக் கம்பனியோ கப்பற் கம்பனியோ, ஆள் ஒருவருக்கு 1,000 பவுண் செலுத்தவேண்டும் என்று அவ்வாண்டே சட்டமாயிற்று.

அன்றே வாயில் இடம்பெயர்ந்துவிட்டது. பயணச்சீட்டைப் பரிசோதிக்கும் கம்பனி ஊழியர், தாம் கண்டிராத ஓர் அரசாங்கத்தின் காவலரானார். இன்றைய அநுமதிமுறையும் அவரையே நம்பி நிற்கின்றது. வேறுபாடு யாதெனில், அன்று அவர் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்தார். இன்று கணினி ‘ஏற்றலாம்’ என்றால் ஏற்றுகின்றார். நம்மைத் தடுக்க எழுந்த வேலி, காலப்போக்கில் நீண்டு, செல்வ நாட்டவரையும் வளைத்துக்கொண்டது.

வேலி பொதுவாகிவிட்டபடியாற் பேதம் ஒழிந்தது என்று எண்ணலாகாது. ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இத்தகைய குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒழுங்கை உண்டு. தாய் இலண்டனில் இறந்துவிடுகின்றார். பாரிஸில் உள்ள மகன் பிரெஞ்சுப் பிரசை. செய்தி கேட்ட இரவே கட்டணம் செலுத்தி அநுமதி பெற்று, மறுநாட் காலை அவர் புகையிரதம் ஏறிவிடலாம். உரும்பிராயில் உள்ள மகளுக்கோ அந்த வழியே கிடையாது. இலங்கைக் கடவுச்சீட்டு அப்பட்டியலில் இல்லை. 2025 ஏப்ரலில் 127 பவுணாக உயர்ந்திருந்த விசாக் கட்டணத்தைச் செலுத்தி அவர் விசாவுக்கு விண்ணப்பிக்கவேண்டும். வங்கிக் கணக்கும் தொழிற் கடிதமும் தேடிச் சேர்க்கவேண்டும். விரலடையாளம் பதிய நேரிற் செல்லவேண்டும். மேலதிகப் பணம் கட்டாவிடின், முடிவுக்கு வழக்கமாக மூன்று வாரம் செல்லும். ஒரு வயிற்றிற் பிறந்த இருவருள், ஒருவர் கொள்ளி வைக்கும் நேரத்தில் மற்றவர் பத்திரங்களுக்குப் பிரதியெடுத்துக்கொண்டிருப்பார்.

இன்னுமொன்று. உத்தியோகத்தரின் முன் நின்றவர் தமது நியாயத்தை எடுத்துரைக்க முடிந்தது. அவர் கடுமையானவராயினும், கேட்பதற்கு இரண்டு செவிகள் அவருக்கு இருந்தன. இலத்திரனியல் அநுமதி மறுக்கப்பட்டாலோ மேன்முறையீட்டுக்கு இடமில்லை; இனி விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பதே மறுமொழி.

பிறர் வாயிலைக் குறைகூறும் நாம், நமது வாயிலையும் நோக்குதல் நேர்மையாகும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு பத்து நாள் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் நம் பிள்ளைகளும் அதன் வழியாகவே வருகின்றனர். 2012 ஜனவரி முதல் இலங்கையும் இத்தகைய அநுமதியை வழங்கிவந்தது. 2024 ஏப்ரலில் அப்பணி வெளிநாட்டுத் தனியார் நிறுவனங்களின் கைக்கு மாறியது. கட்டணம் பற்றியும் பிரயாணிகளின் தகவல்கள் பற்றியும் கண்டனம் எழுந்து, வழக்குத் தொடரப்பட்டது. ஆகஸ்ட் 2ஆந் திகதி உயர் நீதிமன்றம் அவ்வேற்பாட்டை இடைநிறுத்திப் பழைய முறையை மீட்குமாறு பணித்தது. அக்கட்டளை நிறைவேறாமையால், செப்ரெம்பரிற் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத் தலைவரே விளக்கமறியலில் வைக்கப்பட்டார். யந்திரத்தின் பின்னாற் பொறுப்புடைய மனிதர் ஒருவர் உண்டு என்பதையும், அவரை நீதி தேடிப் பிடிக்கும் என்பதையும் அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

வாயில் எங்கேயும் இருக்கட்டும். மறுப்பவர் காரணம் கூறவேண்டும். அக்காரணத்தை மறுத்துரைக்க ஓர் இடம் இருக்கவேண்டும் என்பதே என் கருத்து. எல்லா விண்ணப்பங்களையும் ஒரே விரைவில் ஆராய இயலாது என்று அரசுகள் கூறலாம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால், முன்பின் அறியாத ஒருவரின் வரவைச் சில நிமிடங்களில் தீர்மானிக்கும் வல்லமை தமக்குண்டென அவை தாமே காட்டிவிட்டன. இறந்த தாயின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை காண விரும்பும் மகளுக்கு அந்த வல்லமையிற் சிறிது ஒதுக்க, புதிய யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. மனம் இருந்தாற் போதும்.