பிஆர்பி22 எங்கிருந்து வந்தது?

முனைவர் பட்ட ஆய்வுக்குழுக் கூட்டங்களில் இப்போது தவறாமல் எழும் வினா: "கட்டமைப்பு எப்போது கிடைக்கும்?" ஈஸ்டில் சடுதிமாற்றங்களைத் தேடும் மாணவரிடமும் இதையே கேட்கின்றனர். மரபியல் பழைய வேலை, உறைகுளிர் மின்னணு நுண்ணோக்கியே புதிய வேலை என்னும் எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. தூது ஆர்.என்.ஏ. உருவாகும்போது இன்ட்ரான்களை வெட்டி நீக்கும் ஸ்ப்ளைசோசோமின் வரலாற்றை அறிந்த எவரும் இதை ஏற்க இயலாது.

1970இல் லேலண்ட் ஹார்ட்வெல்லும் உடன் ஆய்வாளர்களும் ஈஸ்டில் பத்து மரபணுக்களை அடையாளம் கண்டனர். அவற்றில் மாற்றமுற்ற செல்கள் 23 டிகிரியில் வளர்ந்தன. 36 டிகிரியில் ரைபோசோம் ஆக்கம் நின்றது. எனவே அவற்றை ரைபோசோம் ஆக்கத்துக்குரிய மரபணுக்கள் என்றே எழுதினர். மரபணுக்கள் துண்டுபட்டவை என்பதே 1977இல்தான் தெரியவந்தது! ஈஸ்டின் ஏறத்தாழ 6,000 மரபணுக்களில் சுமார் 300இல் மட்டுமே இன்ட்ரான் உண்டு; ரைபோசோம் புரதங்களின் மரபணுக்களோ பெரும்பாலும் அவ்வகையின. வெட்டி இணைக்கும் வேலை நின்றால் ரைபோசோமும் உடனே முடங்கும். அப்பத்தில் பல பின்னர் பிஆர்பி எனப் பெயர் மாறின. அன்று கண்ட எட்டாம் எண் மரபணுவின் புரதமே, இன்று ஸ்ப்ளைசோசோம் படங்களில் வினைமையத்தைத் தாங்கி நிற்கும் பிஆர்பி8.

1989இல் உஷா விஜயராகவன், கம்பெனி, ஏபெல்சன் ஆகிய மூவர் பிஆர்பி17 முதல் 27 வரையிலான மரபணுக்களை வெளியிட்டனர். திரிபு திரிபாக ஆர்.என்.ஏ.யைப் பிரித்து, இன்ட்ரான் நீங்காமல் தேங்குகிறதா எனப் பார்க்கும் சலிப்பூட்டும் வேலை அது. (விஜயராகவன் பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானார். நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?) அவற்றுள் ஒன்றான பிஆர்பி22, முடிந்த தூது ஆர்.என்.ஏ.யை இயந்திரத்திலிருந்து விடுவிக்கும் ஹெலிகேஸ்.

2017இல் கியோஷி நாகாய் குழு உட்படச் சில குழுக்கள் அந்தப் பிஆர்பி22இன் ஆற்றலைச் சடுதிமாற்றத்தால் முடக்கின. வேலையை முடித்தும் விளைபொருளை விடமுடியாத நிலையில் ஸ்ப்ளைசோசோம் உறைந்து நின்றது. அதைத் தூய்மையாக்கிப் படமெடுத்தனர். இன்ட்ரானின் கடைசி இரு எழுத்துகளான ஏ.ஜி.யை எது அடையாளம் காண்கிறது என்ற நெடுநாள் புதிர் அங்கே தெளிந்தது: இன்ட்ரானின் முதல் எழுத்தான ஜி.யும், கிளைப்புள்ளியின் ஏ.யும் அவற்றோடு இணைசேர்கின்றன. ஆர்.என்.ஏ.யை ஆர்.என்.ஏ.யே அறிகிறது, புரதங்கள் பெரிதும் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன.

இதை ஆல்ஃபாஃபோல்டு தந்துவிடும் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. தனிப் புரதத்தின் மடிப்பை அது வியக்கத்தக்க வகையில் தருகிறது; நானும் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஸ்ப்ளைசோசோம் ஒரு படிநிலையிலிருந்து அடுத்ததற்குச் செல்லும்போது உறுப்பினர்களே மாறுகின்றனர். எந்தப் படியில் யார் இருக்கிறார்கள் என்பதை, இயந்திரத்தை அங்கே நிறுத்திப் பார்த்துத்தான் அறியவேண்டும்.

பெங்களூரின் தேசிய மையத்தில் டைட்டன் கிரியோஸ் நுண்ணோக்கி இருக்கிறது. முறை கிடைத்தால் சில நாட்களில் படங்கள் வந்துவிடும். அதில் வைக்கத்தக்க துகளை உருவாக்கவோ, ஐந்தாண்டு உதவித்தொகையில் மூன்றாண்டு போய்விடுகிறது. அந்த மூன்றாண்டை வெற்றுக்காலமாகக் கணக்கிடும் குழு உறுப்பினர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: கட்டமைப்பு எப்போது என்று கேட்பதற்கு முன், எந்தப் படியில், எந்தச் சடுதிமாற்றத்தால் நிறுத்தப் போகிறீர்கள் என்று கேளுங்கள். மாணவரிடம் அதற்கு விடை இருந்தால், அதை ஆய்வேட்டின் ஓர் இயலாக ஏற்றுக்கொள்ளுங்கள்.