நேற்று நீயும் ஒரு 'நூப்'தான்!



போன ஞாயிற்றுக்கிழமை மாலை, எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் நான்கு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு செல்போன். நான்கு பேரும் சேர்ந்து ஒரே விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேர் எட்டாம் வகுப்பு. நான்காவது பையன் சின்னவன், நாலாம் வகுப்பு. அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி அவருடைய செல்போனை வாங்கி வந்திருந்தான். அவனுக்கு அன்றுதான் முதல் ஆட்டம்.

ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "டேய், நீ சரியான நூப்புடா! உன்னாலதான் தோத்தோம். போ, போய் கார்ட்டூன் பாரு!" என்று பெரியவன் ஒருவன் கத்தினான். மற்ற இருவரும் சிரித்தார்கள். சின்னவன் ஒன்றும் பேசவில்லை. செல்போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மாடி ஏறிப் போய்விட்டான்.

காய்கறிப் பையோடு படியேறி வந்த நான் அங்கேயே நின்றேன். "நூப்புன்னா என்னப்பா?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணுமில்ல டீச்சர். சும்மா கேம்ல சொல்றது" என்றான் அவன்.

சும்மா சொல்வதுதானா? வீட்டுக்கு வந்ததும் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். ஒரு சொல்லைத் தேடப் போனால் ஒன்பது சொற்கள் வந்து நின்றன! அத்தனையும் சுவையான கதைகள். கேளுங்கள்.

விரலுக்கு நேரமில்லை!

'நூப்' என்பது 'நியூபி' என்ற ஆங்கிலச் சொல் தேய்ந்து வந்தது. 'நியூ' என்றால் புதிது என்று உங்களுக்குத் தெரியும். நியூபி என்றால் புதிதாக வந்து சேர்ந்தவர். அவ்வளவுதான் பொருள். அதில் திட்டும் இல்லை, கேலியும் இல்லை.

கம்ப்யூட்டரில் பலர் சேர்ந்து விளையாடும் ஆட்டங்கள் 1990களில் பரவின. ஒருவர் அமெரிக்காவில் இருப்பார், இன்னொருவர் ஐரோப்பாவில் இருப்பார். பேசிக்கொள்ள வேண்டுமென்றால் எழுத்தைத் தட்டித்தான் அனுப்ப வேண்டும். ஆட்டம் மும்முரமாக நடக்கும்போது நீளமாகத் தட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? தட்டி முடிப்பதற்குள் தோற்றுப் போவார்கள்! அதனால் சொற்களைச் சுருக்கினார்கள். 'நான் கீபோர்டை விட்டு எழுந்து போகிறேன்' என்பது மூன்றே எழுத்தில் 'ஏஎஃப்கே' ஆனது. 'நல்ல ஆட்டம்' என்னும் பொருள் தரும் 'குட் கேம்', இரண்டே எழுத்தில் 'ஜிஜி' ஆனது.

தவறாகத் தட்டியதால் பிறந்த சொல்லும் உண்டு. 'உன்னை வென்றுவிட்டேன்' என்பதை ஆட்டக்காரர்கள் 'ஓன்ட்' என்று சொல்வார்கள். ஆங்கிலக் கீபோர்டில் 'ஓ' எழுத்துக்குப் பக்கத்திலேயே 'பி' எழுத்து இருக்கிறது. யாரோ அவசரத்தில் 'ஓ'வுக்குப் பதில் 'பி'யைத் தட்டிவிட, 'போன்ட்' என்று ஒரு புதுச் சொல் கிடைத்துவிட்டது என்பார்கள். பிழை என்று தெரிந்தும் வேடிக்கைக்காக எல்லோரும் அதையே எழுதினார்கள்! இன்று, நம் மின்னஞ்சல் முகவரி திருடர்கள் கையில் சிக்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் ஓர் இணையதளத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. அந்தத் தளம் 2013-இல் தொடங்கப்பட்டது.

எழுத்துக்குப் பதில் எண்ணைப் போட்டு எழுதும் வேடிக்கையும் உண்டு. 'ஈ' எழுத்துக்குப் பதில் 3, 'ஓ' எழுத்துக்குப் பதில் 0, 'டி' எழுத்துக்குப் பதில் 7. இப்படி எழுதப்பட்ட 'வூட்' என்ற சொல்லின் நடுவில் இரண்டு சைபர்கள் வரும். 'ஹையா!' என்று துள்ளிக் குதிப்பதற்கான சொல் அது. மெரியம்-வெப்ஸ்டர் என்ற புகழ்பெற்ற அமெரிக்க அகராதி நிறுவனம், 2007-ஆம் ஆண்டின் சொல்லாக அதைத்தான் அறிவித்தது. அகராதிக்காரர்களே ஆண்டின் சொல்லில் எண்ணைக் கலந்துவிட்டார்கள் பார்த்தீர்களா!

விளையாட்டுச் சொல் வீட்டுக்கு வரும்

'விளையாட்டுச் சொல் விளையாட்டோடு நிற்க வேண்டும், வீட்டுக்குள் வரக்கூடாது' என்று பெரியவர்கள் சிலர் கோபப்படுகிறார்கள். அவர்களிடம் நான் ஒன்று சொல்ல விரும்புகிறேன். விளையாட்டுச் சொல் வீட்டுக்குள் வருவது இன்று தொடங்கிய வழக்கம் இல்லை.

'அவருக்கு நல்லா செக் வச்சுட்டாங்க' என்று அப்பா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இது சதுரங்கச் சொல். சதுரங்கம் நம் நாட்டிலிருந்து பாரசீகத்துக்குப் போனது. அங்கே அரசருக்கு 'ஷா' என்று பெயர். அந்த 'ஷா'தான் பல நாடுகளைச் சுற்றி ஆங்கிலத்தில் 'செக்' ஆனது. வங்கியில் கொடுக்கும் காசோலையின் ஆங்கிலப் பெயரும் இதே வேரிலிருந்து முளைத்ததுதான்!

ஒருவர் தொடர்ந்து மூன்று முறை வென்றால் 'ஹாட்ரிக்' என்கிறோம். இது கிரிக்கெட் தந்த சொல். 1858-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் நடந்த ஆட்டத்தில் எச்.எச். ஸ்டீபன்சன் என்பவர் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட் எடுத்தார். அவரைப் பாராட்டிப் பணம் திரட்டி, ஒரு தொப்பி வாங்கிப் பரிசளித்தார்கள். 'ஹாட்' என்றால் தொப்பி அல்லவா?

நம் தமிழும் இதற்கு விலக்கல்ல. யாரையாவது ஏமாற்றிக்கொண்டே இருந்தால் 'கண்ணாமூச்சி ஆடுகிறான்' என்கிறோம். தந்திரமாக வேலை செய்தால் 'காய் நகர்த்துகிறான்' என்கிறோம். கெட்டிக்காரனைக் 'கில்லி' என்கிறோம். எல்லாமே ஆட்டக்களத்திலிருந்து எழுந்து வந்தவைதான். ஆகவே, 2020-இல் ஆன்லைன் வகுப்பு நடந்தபோது 'மிஸ், லேக் ஆகுது' என்று நீங்கள் சொன்னதில் பெரிய குற்றம் ஏதுமில்லை.

ஆனால், தேர்வுத் தாளில் அப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. ஆட்டத்துக்கு ஒரு பேச்சு, வகுப்புக்கு ஒரு பேச்சு, தாத்தா பாட்டிக்கு ஒரு பேச்சு. எங்கே எதைப் பேசுவது என்று தெரிந்தவர்தான் மொழி தெரிந்தவர்.

சொல்லுக்குள் சுருக்கென்று ஒரு முள்

இப்போது கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். எல்லாச் சொல்லும் ஒன்று போல் இல்லை.

'அமாங் அஸ்' என்ற விளையாட்டு 2018-இல் வெளியானது. 2020-இல் ஊரடங்கு நேரத்தில் உலகமெங்கும் பிள்ளைகள் அதை ஆடினார்கள். 'இவன் மேல் சந்தேகமாக இருக்கிறது' என்பதற்கு 'சஸ்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். உங்களில் பலரும் சொல்லியிருப்பீர்கள். ஆனால் இந்தச் சொல்லுக்கு இங்கிலாந்தில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1824-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் காட்டி, வெறும் சந்தேகத்தின் பேரிலேயே தெருவில் போகிறவர்களைக் காவலர்கள் பிடித்தார்கள். அதை 'சஸ் சட்டம்' என்றே மக்கள் அழைத்தார்கள். கறுப்பின இளைஞர்களே அதிகம் சிக்கினார்கள். எதிர்ப்பு வலுத்து, 1981-இல் அது நீக்கப்பட்டது. நமக்கு விளையாட்டாக இருக்கும் சொல், இன்னொருவருக்கு அழுகையாக இருந்திருக்கிறது.

இன்னொரு சொல் 'என்பிசி'. 1974-இல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு வந்தது. செல்போன் இல்லை, திரை இல்லை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லி ஆடுவது. இத்தகைய விளையாட்டுகளில், ஆட்டக்காரர்கள் யாரும் ஏற்காத பாத்திரங்களுக்கு 'என்பிசி' என்று பெயர். கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் கடைக்காரர், வாயிற்காவலர் போன்றவர்கள்தாம் அவை. சொன்னதையே திரும்பச் சொல்லும் பொம்மைகள். இப்போது, அதிகம் பேசாத மனிதர்களைக்கூட 'அவன் ஒரு என்பிசி' என்று கேலி செய்கிறார்கள். அமைதியாக இருக்கும் பிள்ளைக்கு மனசு இல்லையா? அவன் பொம்மையா?

'நூப்'புக்கும் இதே கதிதான் ஆயிற்று. புதியவர் என்ற பொருளில் பிறந்த சொல், 'ஒன்றுக்கும் உதவாதவன்' என்ற திட்டாக மாறிவிட்டது.

இதற்குச் சமமான சொல் தமிழில் உண்டா என்று யோசித்தேன். உண்டு! கத்துக்குட்டி. அதற்குள் 'கற்று' இருக்கிறது, 'குட்டி'யும் இருக்கிறது. கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கும் குட்டி! எவ்வளவு அழகான சொல்! ஆனால் அதையும் உதட்டைச் சுழித்துச் சொன்னால் திட்டுதான். ஆக, பாதிக் குற்றம் சொல்லில் இல்லை. சொல்லும் விதத்தில் இருக்கிறது.

நான் சொன்ன சொல்

அறிவுரை சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கிறீர்களா? என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பையன் ஆர்வமாகக் கையைத் தூக்கினான். "ஏழெட்டு?" என்றேன். "54 டீச்சர்" என்றான். "மண்டு! உட்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஒரு நிமிடத்தில் அதை மறந்தும் விட்டேன்.

பல வருடங்கள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவனைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகத்தான் பேசினான். போகும்போது சிரித்தபடி சொன்னான்: "டீச்சர், நீங்க அன்னைக்கு மண்டுன்னு சொன்னீங்கல்ல. பசங்க அந்த வருஷம் முழுக்க என்னை அப்படித்தான் கூப்பிட்டாங்க. அதுக்கப்புறம் கணக்கு வகுப்புல நான் கையே தூக்கல."

அவன் சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை. 54 என்று தப்பாகச் சொன்ன பிள்ளைக்கு 56 என்று சொல்லிக் கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நானோ கற்றுக்கொள்ள நீட்டிய கையை மடக்க வைத்துவிட்டேன். 'மண்டு' என்பது அந்தக் காலத்து 'நூப்'. அவ்வளவுதான்.

புதிதாகச் சைக்கிள் ஓட்டுகிறவர் விழுவார். புதிதாகக் கோலம் போடுகிறவருக்குப் புள்ளி தவறும். செல்போனில் பணம் அனுப்பக் கற்றுக்கொள்ளும் பாட்டி நாலு தடவை தப்பாக அழுத்துவார். எல்லோரும் ஏதோ ஒன்றில் நூப்புதான்! கேலி செய்தால் அவர்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சொல்லிக் கொடுத்தால் நாளை உங்களோடு சேர்ந்து ஆடுவார்கள்.

'ஜிஜி' சொல்லுங்கள்

கேலிச் சொல்லைத் தந்த அதே விளையாட்டு உலகம்தான் 'ஜிஜி'யையும் தந்திருக்கிறது. 1998-இல் வந்த 'ஸ்டார்கிராஃப்ட்' என்ற விளையாட்டு தென்கொரியாவில் மிகவும் புகழ்பெற்றது. அதன் போட்டிகளைத் தொலைக்காட்சியிலேயே காட்டினார்கள். தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும், தோற்பவர் 'ஜிஜி' என்று தட்டிவிட்டு வெளியேறுவார். 'நல்ல ஆட்டம், நீங்கள் வென்றீர்கள்' என்று பொருள். கபடியிலும் கிரிக்கெட்டிலும் ஆட்டம் முடிந்ததும் கை குலுக்குகிறோமே, அதே மரியாதைதான்!

திருக்குறளில் 'இனியவை கூறல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்கிறீர்கள். அதைச் செய்து பார்க்க மாடிப்படியும் செல்போனும்கூட நல்ல இடங்கள்தாம்!

எவ்வளவு நேரம் செல்போனில் விளையாடலாம் என்பது வேறு விஷயம். அதை இன்னொரு வாரம் பேசுவோம். இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. நீங்கள் அடிக்கடி சொல்லும் ஐந்து விளையாட்டுச் சொற்களை நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் தமிழில் அதன் பொருளை எழுதுங்கள். அதற்கும் பக்கத்தில், 'இதை என்னிடம் யாராவது சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?' என்று எழுதுங்கள். பிறகு அந்த நோட்டைத் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ படித்துக் காட்டுங்கள். அவர்கள் காலத்துச் சொற்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாடிப்படிக் கதையின் மிச்சத்தைச் சொல்லவில்லையே! நேற்று அந்தப் பெரியவனைப் பார்த்தேன். "நீ முதல் நாள் எப்படிப்பா ஆடினே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "சுவத்துலயே முட்டிக்கிட்டு நின்னேன் டீச்சர்" என்றான். "அப்புறம் யாரு சொல்லிக் கொடுத்தா?" என்றேன். "எங்க அண்ணன்" என்றான். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

சின்னவன் இன்னும் கீழே இறங்கி வரவில்லை. இன்று மாலை அவன் வீட்டுக் கதவைத் தட்டப் போவதாகப் பெரியவன் சொல்லியிருக்கிறான். நானும் காத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் யார் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறீர்கள், குழந்தைகளே?

அன்புடன்,
உங்கள் டீச்சர்