நிழல் போனால் மீனும் போகும்!

மரத்தை வெட்டினால் மீனுக்கென்ன கேடு என்று கேட்பாருண்டு. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலே அரை நூற்றாண்டுக்கு முன்பே அதற்கு விடை கிடைத்துவிட்டது.

அல்சி ஆற்றுப் பகுதியில் ஆராய்ச்சிக்கென மூன்று சிற்றோடைகளைத் தேர்ந்தெடுத்தனர். ஒன்றில் கோடரி படவில்லை. 1966இல் டீர் கிரீக் ஓடையருகே காட்டில் ஒரு பகுதியை வெட்டினர்; கரையோர மரங்களை விட்டுவைத்தனர். நீடில் பிராஞ்ச் ஓடையிலோ கரை மரங்களையும் விடவில்லை. விளைவு? அடுத்த ஆண்டே அந்த ஓடையின் உச்ச வெப்பம் 14 டிகிரி சென்டிகிரேடிலிருந்து 29க்குத் தாவியது. கரைமரம் காத்த ஓடையோ குளிர்ந்தே இருந்தது.

குளிர்ந்த நீரிலேதான் பிராணவாயு மிகுதியாகத் தங்கும். சால்மனும் டிரவுட்டும் அதை நம்பியே வாழ்வன. வெட்டிய சரிவிலிருந்தும் லாரிப் பாதையிலிருந்தும் வழியும் வண்டலோ, கூழாங்கற்களிடையே கிடக்கும் முட்டைகளை மூச்சடைத்துக் கொல்லும்.

இவ்வளவும் தெரிந்த பின் நடந்ததென்ன? 1971இல் ஒரிகன் காட்டுத்தொழில் சட்டம் செய்தது. ஆயினும் தனியார் காடுகளின் சிற்றோடைகளுக்கும் செங்குத்துச் சரிவுகளுக்கும் விரிவான காப்பு தரும் சட்டம் 2022இல்தான் பிறந்தது! இடையிலே மரம் விற்ற பணம் முதலாளியின் பெட்டிக்கு. மீனற்ற நட்டம் மீனவனுக்கும், ஆற்றை நம்பிய பழங்குடியினருக்கும். இது நியாயந்தானா என்று கேட்கிறோம்.

மரத்தொழிலே கூடாதென்று நாம் கூறவில்லை. தொழிலாளிக்குச் சோறிடும் தொழில் அது. கரைமரம் விற்பனைச் சரக்கல்ல, ஓடையின் உடைமை என்கிறோம். சட்டம் ஏட்டிலே உறங்க வேண்டாம். கரையிலே காவல் நிற்கட்டும்!