ஒட்டுப்போர்வை தைப்போர்க்கு எத்தனை அளவுகோல் வேண்டும்?

நெசவாளர் இல்லங்களில் தறிமுனைத் துண்டுகளுக்கும், பழுதென்று ஒதுக்கப்பெற்ற துணிகளுக்கும் எக்காலத்தும் பஞ்சமில்லை. அவற்றைச் சதுரமும் முக்கோணமுமாக வெட்டி இணைத்து, நடுவே பஞ்சுப் படலம் வைத்து, அடித்துணியோடு சேர்த்துத் தைத்துப் போர்வையாக்கும் வேலை நம் உறுப்பினர் குடும்பங்கள் சிலவற்றில் ஓய்வுநேரப் பொழுதுபோக்காகப் பரவி வருகின்றது. பருத்தி விளைவிப்போரும் நெய்வோரும் ஒருங்கே அங்கம் வகிக்கும் நம் சங்கங்களுக்கு இதனினும் பொருத்தமான கைவேலை வேறு யாதுளது? வரவேற்கத்தக்கதே. ஆனால் இவ்வேலையின் பின்னாலேயே ஒரு செலவும் வந்து நிற்கின்றது.

இதற்கென்றே விற்கப்பெறும் அக்ரிலிக் அளவுகோல்களையே குறிப்பிடுகிறேன். நீளக்கோல், சதுரக்கோல், முக்கோணக்கோல், அறுகோணக்கோல், வளைவுக்கோல், விசிறிக்கோல் எனப் பலவற்றை ஒரு பெட்டியிலிட்டு, இவையனைத்தும் இன்றியமையாதவை என்று விற்கின்றனர். ஆய்வுக்குச் சென்ற சங்கமொன்றில், 12 கோல்கள் அடங்கிய அத்தகைய தொகுதியைச் சங்கச் செலவில் வாங்கித் தரவேண்டும் என்று உறுப்பினர் சிலர் நிர்வாகக் குழுவுக்கு மனுக் கொடுத்திருந்ததைக் கண்டேன். மனுவின் நோக்கம் நன்று, எண்ணிக்கைதான் தவறு. உறுப்பினர் கையில் இரண்டு கோல்கள் போதும். மூன்றாவது ஒன்று சங்கத்தில் பொதுவாக இருந்தால் போதும் என்பதே என் அபிப்பிராயம்.

இக்கோல் எதற்காகத் தோன்றியது என்பதை முதலில் அறிதல் வேண்டும். முன்னாளில் அட்டையில் வடிவம் வெட்டி, அதைத் துணிமேல் வைத்துக் கோடிட்டு, கத்தரிக்கோலால் வெட்டினர். 1979ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமாகிய ஓல்ஃபா, சக்கரம்போல் உருளும் வட்டக் கத்தியை வெளியிட்டது. மடித்த துணியின் பல அடுக்குகளை அது ஒரே இழுப்பில் வெட்டும். அக்கத்தியை மெல்லிய கோலின் ஓரமாக ஓட்டினால் அது கோலின் மேலேறி விரலைப் பதம் பார்த்துவிடும். ஆகவேதான் தடித்த கோலும், அடியிலுள்ள துணி தெரியும்படியான கண்ணாடித் தன்மையும் வேண்டியதாயிற்று. கத்தரிக்கோலாலேயே வெட்டுவோர்க்கு இவற்றுள் ஒன்றும் அவசியமில்லை. தையற்காரரின் சாக்கட்டியும் இரும்புக்கோலும் போதும். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

அளவுகோலே இன்றித் தைத்துப் பெரும்புகழ் பெற்றோரும் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரின் கறுப்பினப் பெண்கள், பழைய வேலை உடுப்புகளைக் கிழித்துக் கண்மதிப்பாகவே இணைத்துப் போர்வைகள் செய்து வந்தனர். 2002இல் ஹூஸ்டன் நகரக் கலைக்காட்சியகம் அவற்றைச் சுவரில் மாட்டிக் காட்சிக்கு வைத்தது. அவ்வூரிலும் அண்டை ஊர்களிலும் இருந்த பெண்கள் 1966இல் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்னும் கூட்டுறவு அமைப்பை நிறுவினர் என்பது நாம் கவனிக்கத்தக்கது. பெருநகரக் கடைகள் அவ்வமைப்பிடம் சரக்குக் கேட்டபோது, ஒன்றைப்போல் மற்றொன்று, ஒரே அளவில் வேண்டியிருந்தது. தம் வீட்டுக் கட்டிலுக்குக் கண்மதிப்புப் போதும். முன்பின் அறியாதவர் வீட்டுக் கட்டிலுக்குப் போதாது. நம் உறுப்பினரும் நாளை தம் வேலையைச் சங்கத்தின் விற்பனை நிலையத்தில் வைக்க விரும்பலாம் அன்றோ?

பிழை எவ்வாறு பெருகுகின்றது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நம் தச்சர் ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பகுப்பர். ஒட்டுப்போர்வையில் தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம், அதாவது இரண்டு நூல். தைப்பவர் அதில் அரை நூல் கூடுதலாக விட்டுவிட்டால், இணையும் துண்டுகள் இரண்டிலுமாக ஒரு நூல் குறையும். 12 துண்டுகள் கொண்ட வரிசையில் 11 இணைப்புகள். ஆக 11 நூல், ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் குறைந்துவிடும். வேறு வேறு எண்ணிக்கையில் துண்டுகள் கொண்ட இரு வரிசைகளை ஒன்றோடொன்று பொருத்தும்போதுதான் இது வெளிப்படும். பிறகு பிரிப்பதைத் தவிர வழியில்லை.

இனி எந்தக் கோல் என்பது. அமெரிக்க நூல்கள் 24 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் உள்ள கோலையே முதலில் வாங்கச் சொல்லும். அங்கே இவ்வேலைக்கான துணி 42 முதல் 44 அங்குல அகலம் உடையது. ஒருமுறை மடித்தால் 22 அங்குலத்துக்குள் அடங்கும். 24 அங்குலக் கோல் அதை முழுதும் தாண்டிவிடும். நம்மவர் எடுத்தாளுவதோ பெரும்பாலும் ஒரு முழங்கூட இல்லாத துண்டுகள். அவற்றின்மேல் அந்நீளக்கோலை வைப்பது சிறு வரப்பில் பெரிய ஏரை இழுப்பது போன்றதே. ஆதலின் 12½ அங்குல நீளமும் 6½ அங்குல அகலமும் உள்ள கோலே நமக்கு முதலாவது. அந்த அரை அங்குலம் இருபுறத் தையல் ஓரத்துக்கானது. 12½ அங்குலச் சதுரக்கோல் இரண்டாவது. தைத்து முடித்த கட்டங்களின் மூலைகளைச் சரிபார்த்துச் சீர்செய்ய அது உதவும். நீளக்கோல் போர்வையின் கரைப்பட்டைகளை வெட்டும்போதுதான் தேவைப்படும். அதுவே நான் சங்கத்தில் பொதுவாக இருக்கட்டும் என்றது.

முக்கோணக்கோல் வேண்டாமா என்பர். 3 அங்குல முக்கோணச் சதுரம் வேண்டுவோர், அதனோடு ஏழு நூல் கூட்டி 3⅞ அங்குலச் சதுரமாக வெட்டி, மூலைக்கு மூலை அறுத்தால் இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும். 45 பாகை, 60 பாகைக் கோடுகள் நல்ல நேர்கோல்களிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். வளைவுக்கோலை, வளைவு தைக்கக் கற்றபின் வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கும்போது இரு கோல்களும் ஒரே தயாரிப்பாளருடையவையாக இருத்தல் நன்று. ஒன்றன்மேல் ஒன்றை வைத்துக் கோடுகள் பொருந்துகின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். அங்குலமோ சென்டிமீட்டரோ, ஏதேனும் ஒன்றையே கொள்க. அங்குலத்தை இரண்டரை சென்டிமீட்டர் என்று உத்தேசமாக வைத்துக்கொண்டால், 12 அங்குலத்தில் கிட்டத்தட்ட அரை சென்டிமீட்டர் காணாமற் போகும். கோல் வழுக்கினால், அதன் அடியில் நான்கு மூலைகளிலும் உப்புத்தாள் துணுக்குகளை ஒட்டிக்கொள்ளலாம். இதற்கென்று விற்கும் ஒட்டுவில்லைகளுக்குத் தனியே பணம் கொடுக்க வேண்டியதில்லை.

எத்தனை விலை கொடுத்து வாங்கிய கோலும் துணியின் இழை எப்பக்கம் ஓடுகின்றது என்று சொல்லாது. அதை அறிந்தவர் நெசவாளரே. ஊடையில் ஓர் இழையை உருவியெடுத்து, அந்தத் தடத்தின்மேல் கோலை வைத்து வெட்டினால் துண்டு கோணாது. கஞ்சி போட்ட துணியை முன்னமே நனைத்து உலர்த்திக்கொள்வதும் அவசியம். வெட்டியபின் சுருங்கினால் அளந்ததெல்லாம் வீண்.

சங்கத்துக்கு வாங்கும் நீளக்கோல், உருளும் கத்தி, வெட்டும் பாய் ஆகிய மூன்றையும் தளவாடப் பதிவேட்டில் ஏற்றி, எடுத்துச் செல்வோரிடம் கையொப்பம் பெறுதல் வேண்டும். பாயை வெயில் படாத இடத்தில் தட்டையாக வைக்க வேண்டும், சூடேறினால் வளைந்துவிடும். கத்தியைத் திரும்பப் பெறும்போது அதன் மூடி பூட்டப்பட்டிருக்கின்றதா என்று பார்த்த பின்னரே பதிவேட்டில் வரவு வைக்கவும்.