பெண்கள் மாநாட்டுக்குப் போனால் பேர் யார் போடுவது?

போன மாதம் உப்புவெளிக் கடற்கரை ஓரமாக உள்ள ஒரு ஹோட்டல் மண்டபத்தில் பெண்கள் உரிமை பற்றி இரண்டு நாள் மாநாடு நடந்தது. நமது சங்கத்துக்கும் அழைப்பு வந்திருந்தது. கொழுந்து எடுக்கும் இரண்டு அக்காமாரை அனுப்பி வைத்தோம். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஹட்டனில் பஸ் ஏறி, கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. திங்கட்கிழமை திரும்பினார்கள். அவர்களில் மூத்தவருக்கு வயது ஐம்பதைத் தாண்டுகிறது. கடலை நேரில் பார்த்தது அவருக்கு அதுதான் முதல் தடவை.

"கூட்டம் எப்படி அக்கா?" என்று கேட்டோம். "சாப்பாடு நல்லாத்தான் இருந்திச்சு. பேச்சும் நல்லாத்தான் இருந்திச்சு. மூணு பேரு போயிருச்சு" என்றார்.

வெள்ளி, சனி, திங்கள். மூன்று பேருக்கான காசு போயிற்று. அதற்குரிய சேமலாப நிதியும் போயிற்று. ஏற்பாடு செய்தவர்கள் பஸ் காசு கொடுத்தார்கள், தங்க அறை கொடுத்தார்கள், அன்பாகவும் நடந்துகொண்டார்கள். ஆனால் பேருக்கான காசு கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மாதச் சம்பளம் வாங்குபவருக்குக் கூட்டத்துக்குப் போவதும் வேலையில் ஒரு பகுதி. நாட்சம்பளக்காரி கூட்டத்துக்குப் போனால் அடுத்த மாதச் சம்பளத் துண்டில் அது குறையும். கடையில் கொப்பி போட்டு வாங்கிய அரிசிக்கும் மாவுக்கும் அந்தக் காசு தேவை.

மண்டபத்துக்குள் நடந்ததையும் சொல்ல வேண்டும். முதல் நாள் காலையில் "அனுபவப் பகிர்வு" என்று நம் அக்காவுக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். கொழுந்துக் கூடையைக் கொண்டுவரச் சொல்லி முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். அதைத் தலையில் மாட்டிக்கொண்டு நிற்கச் சொல்லிப் போட்டோவும் எடுத்தார்கள். அவர் லயத்துக் கூரையைப் பற்றியும் அட்டைக்கடியைப் பற்றியும் சொன்னார். பலர் கண் கலங்கினார்கள். மாலையில் தீர்மானங்கள் எழுதும் கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. மொழிபெயர்த்த பிள்ளை களைத்துப் போய்ப் பாதியைத்தான் சொன்னாள். கம்பனிகளின் இயக்குநர் சபையில் பெண்கள், இணையத்தில் பெண்களுக்கு நடக்கும் தொல்லை, சொத்துரிமை என்று நீண்ட தீர்மானப் பட்டியல். எல்லாமே நியாயமானவைதான். தோட்டத் தொழிலாளி பற்றி அதில் இருந்தது, "பின்தங்கிய சமூகங்களின் பெண்களும் உள்வாங்கப்பட வேண்டும்" என்ற ஒரு வரி.

காலையில் அழச் சொல்லி, மாலையில் கையெழுத்து மட்டும் வாங்குவதை உள்வாங்குதல் என்று நாம் ஏற்க மாட்டோம்.

அந்தப் பட்டியலில் முதலில் எதை எழுதியிருப்பீர்கள் என்று இருவரிடமும் கேட்டோம். யோசிக்கவே இல்லை. மலையில் கக்கூஸ் இல்லை என்பது முதலாவது. காலை ஏழரைக்கு மலைக்குப் போனவள் பகல் நிறுவை வரைக்கும் அடக்கிக்கொள்ள வேண்டும், அல்லது தேயிலைத் தூருக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும். மாதவிலக்கு நாளில் இன்னும் மோசம். தராசைப் பார்க்கும் உரிமை இரண்டாவது. கிலோ குறைந்தால் அரைப்பேர் என்கிறார்கள். கழிவு என்று எத்தனை கிலோ வெட்டுகிறார்கள் என்று கேட்டால் முறைக்கிறார்கள். பிள்ளைக்காம்பரா மூடிய பிறகும் வேலை முடியாத நாட்களில் பிள்ளை யாரிடம் இருக்கும் என்பது மூன்றாவது. இன்னொன்றையும் இளையவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த ஹோட்டலில் அவர்களது அறைக்குப் படுக்கைத் துணி மாற்ற வந்த பிள்ளை பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளையாம். ஊர்ப்பேச்சைக் கேட்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாளாம். பெண்கள் உரிமை மாநாடு நடந்த இரண்டு நாளும் அவள் அந்த மண்டபத்துக்குள் வந்தது தண்ணீர்ப் போத்தல் வைக்க மட்டும்.

இதைக் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை. இந்த நாட்டுப் பெண்கள் இயக்கத்துக்கு நல்லதொரு தொடக்கம் இருந்தது. 1927இல் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. வசதியான, படித்த குடும்பத்துப் பெண்கள்தான் அதை நடத்தினார்கள். டொனமூர் ஆணைக்குழு முன்னால் அவர்கள் சாட்சி சொல்லப் போனபோது, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று டொனமூர் பிரபு கேட்டார். சங்கத்தின் செயலாளர் அக்னஸ் டி சில்வா தயங்கவில்லை. நிச்சயமாக வேண்டும், அவர்களும் பெண்கள்தானே என்று பதில் சொன்னார். இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அந்தப் பதிலுக்கு நாம் தலை வணங்குகிறோம். ஆணைக்குழு வாக்குரிமையைப் பரிந்துரைத்த பிறகு, "நிரந்தரக் குடியிருப்பு" சான்றிதழ், அது இது என்று நம்மவர்களுக்கு நிபந்தனைகள் போட்டவர்கள் அன்றைய அரசியல் தலைவர்கள்.

ஆனால் அந்தக் குரல் தொடரவில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் வாக்கும் போயிற்று. லட்சக்கணக்கான பெண்கள் நாடற்றவர்களானார்கள். பெண்களின் வாக்கு பறிபோன நிகழ்ச்சியாக அதை இந்த நாட்டின் பெண்ணுரிமை வரலாறு இன்றைக்கும் எழுதுவதில்லை. இந்திய வம்சாவளிப் பிரச்சினை என்று வேறொரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறது. 1960இல் உலகத்தின் முதல் பெண் பிரதமர் நம் நாட்டில் வந்தார் என்று எல்லாரும் பெருமைப்படுகிறோம். 1964 ஒக்டோபரில் அதே சிறிமாவோ பண்டாரநாயக்கா சாஸ்திரியுடன் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படிதான் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவானது. போகும் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. அக்கா அங்கே, தங்கச்சி இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் நம் லயங்களில் இன்றும் உண்டு. நாற்காலியில் பெண் இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால், தலைமன்னாரில் கப்பல் ஏறிய நம் பாட்டிமாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

உப்புவெளி மண்டபத்தில் தமிழ் அக்காமாரும் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையிலிருந்து ஓடிவந்து வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலை என்று குடியேறிய நம் சனத்தின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த மாவட்டத்தில் கூலி வேலை செய்கிறார்கள். போரில் மற்றவர்கள் பட்டதையெல்லாம் இவர்களும் பட்டார்கள். அப்படியிருந்தும் "தோட்டக்காட்டார்" என்ற சொல் இங்கே இன்னும் சாகவில்லை. சிங்களப் பேரினவாதத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற வாயிலிருந்தும் அது சில நேரம் வந்துவிடுகிறது.

சட்டங்கள் விஷயத்திலும் இதே கதைதான். 2005இல் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. பெண்கள் அமைப்புகள் பல வருடம் உழைத்துப் பெற்ற வெற்றி. நம் லயத்துப் பெண் அதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஒரு பேரை விட்டுப் பொலிஸுக்குப் போக வேண்டும். தனக்குப் புரியாத சிங்களத்தில் எழுதிய முறைப்பாட்டில் கையெழுத்து வைக்க வேண்டும். நீதிமன்றத் தவணைக்குத் தவணை இன்னொரு பேர். அதற்குப் பிறகு, அடித்தவன் இருக்கிற அதே பத்தடிக் காம்பராவுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும், ஏனென்றால் வீடு தோட்டத்துடையது. சட்டம் எழுதியவர்கள் லயத்தை நினைத்து எழுதவில்லை.

கொழும்பு வீடுகளின் குசினியைப் பற்றி யாரும் மேடையில் பேச விரும்புவதில்லை. 2021இல் மலையகத்துச் சிறுமி ஒருத்தி கொழும்பில் வீட்டுவேலைக்குப் போன இடத்தில் தீக்காயங்களுடன் உயிரிழந்தபோது, பெண்கள் அமைப்புகள் நம்மோடு தெருவில் நின்றன. அதை நாம் மறக்கவில்லை. ஆனால் வீட்டுவேலைத் தொழிலாளரின் உரிமைக்காக 2011இல் உலகத் தொழில் அமைப்பு கொண்டுவந்த 189ஆம் இலக்கச் சமவாயம் ஒன்று இருக்கிறது. அதை இங்கே நிறைவேற்ற வேண்டும் என்று உரக்கக் கேட்கப் பலருக்குத் தயக்கம். கேட்டால் தன் வீட்டுக் குசினியிலும் லீவும் சேமலாப நிதியும் எழுத வேண்டி வரும்.

அழைத்தவர்களிடம் நாம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நாட்சம்பளக்காரியை அழைத்தால் அவளுடைய பேரைச் செலவுக் கணக்கில் எழுதுங்கள். கடற்கரை ஹோட்டலில் இரண்டு நாள் நடத்துவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பாடசாலையில் நடத்திப் பாருங்கள். தீர்மானம் எழுதும் மேசையில் அவளுக்குக் கதிரை போடுங்கள், தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். அவள் கக்கூஸும் தராசும் என்று சொன்னால் அது தொழிற்சங்கப் பிரச்சினை என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு பெண் எத்தனை மணிக்கு ஒன்றுக்குப் போகலாம் என்பதை ஆண் கங்காணி தீர்மானிப்பது பெண் பிரச்சினை இல்லையென்றால் வேறு எதுதான் பெண் பிரச்சினை?

சரி, நம் பக்கம். 1984 வரைக்கும் ஒரே மலையில் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம் இருந்தது. அந்த வருட வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் சமமானது. அதுவரை எத்தனை ஒப்பந்தத்தில் எத்தனை சங்கத் தலைவர்கள் வாய் மூடிக் கையெழுத்துப் போட்டார்கள்? இன்றும் கவ்வாத்து வெட்டும் ஆண் பகல் ஒன்றரைக்கு வீட்டுக்கு வருகிறான். கொழுந்து எடுக்கும் பெண் நாலரை ஐந்துக்கு வந்து அடுப்பு மூட்டுகிறாள். மனைவியின் சம்பளத்தைத் தானே போய் வாங்கிச் சாராயக் கடைக்குப் போன ஆண்களை நம் தோட்டக் கமிட்டிகளே கண்டும் காணாமல் விட்டதுண்டு.

2015 செப்டெம்பரில் கேரளத்து மூணாறில் நடந்ததை நம் உத்தியோகத்தர்கள் எல்லாரும் அறிந்து வைத்திருக்க வேண்டும். கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்கள், போனஸைப் பாதியாகக் குறைத்ததை எதிர்த்து ஆயிரக்கணக்கில் வீதியில் உட்கார்ந்தார்கள். "பெண்பிளை ஒருமை" என்று தமக்குப் பெயர் வைத்தார்கள். ஆண் தொழிற்சங்கத் தலைவர்கள் ஆதரவு தெரிவிக்க வந்தபோது விரட்டி அடித்தார்கள். ஒன்பது நாளில் 20 சதவீத போனஸ் கிடைத்தது. அதைத் தொடர்ந்த போராட்டத்தில் 232 ரூபாயாக இருந்த நாட்கூலி 301 ஆனது. அன்று விரட்டப்பட்டவர்களின் இடத்தில் நாமும் நின்றிருக்கலாம். சந்தாவில் பாதிக்கு மேல் பெண்களிடமிருந்து வெட்டப்படுகிறது. நம் நிறைவேற்றுக் குழுவின் பதினைந்து பேரில் இரண்டு பேர்தான் பெண்கள்.

உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 சதவீதம் என்று சட்டம் வந்து, 2018இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. 2024 நவம்பரில் அம்பிகா சாமுவேலும் கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். அந்த இடத்துக்கு வாக்கில் வந்த முதல் மலையகத் தமிழ்ப் பெண்கள். 1931இலிருந்து எண்ணினால் 93 வருடம். எந்தக் கட்சியாக இருந்தாலும் நமக்குச் சந்தோஷம்தான். நம் சங்கத்திலிருந்து அப்படி ஒரு பெண் ஏன் வரவில்லை என்று கேட்கவும் வேண்டும்.

எனவே நிறைவேற்றுக் குழு போன வாரம் எடுத்த முடிவை இங்கே அறிவிக்கிறோம். உப்புவெளிக்குப் போன இரண்டு அக்காமாருக்கும் மூன்று பேர் வீதம் சங்க நிதியிலிருந்து கொடுக்கப்படும். இனிமேல் எந்தக் கூட்டத்துக்கு அனுப்பினாலும் அப்படியே. தோட்டக் கமிட்டிகளில் தலைவர், செயலாளர் இரண்டில் ஒன்று பெண்ணுக்கு என்ற திருத்தம் ஆண்டு மாநாட்டில் வாக்கெடுப்புக்கு வரும். இரண்டு பேர் எதிர்த்தார்கள். அவர்களின் காரணங்களை அடுத்த இதழில் அவர்களே எழுதுவார்கள். திருத்தத்தைப் பற்றிப் பேச எல்லாப் பிரிவுகளிலும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அன்றைக்குத் தேத்தண்ணி போடுவது ஆண்கள்.